சீக்காளின்னா படுக்கோணும்

அந்தப் பையில இருக்கறது ஆப்பிள்தானுங்களே தம்பி? மேல ஹார்லிக்ஸ் பாட்டல் வேற எட்டிப் பாக்குது. அப்ப யாரையோ சீக்குப் பாக்கப் போறீங்க. எனக்கா தெரியாது! எங்கூட்டுல ஒரு காலத்துல ஹார்லிக்ஸ் பாட்டல் வெக்க எடமில்லாம மாட்டுச்சாளையில கொண்டு போயி அடுக்கி வெச்சோமுங்க. நல்லா உக்காருங்க, நானு தள்ளிக்கறேன். இந்தக் கையில மட்டும் இடிக்காமப் பாத்துக்குங்க. சீக்காளிக் கை.

ஏன் துண்டுல கட்டித் தொங்க உட்டிருக்கறேன்னு பாக்கறீங்களா? சொல்றேனுங்க, அது கடைசியில வரும். மொதல்ல நீங்க சொல்லுங்க. பொள்ளாச்சி பஸ்ஸுல ஏறியிருக்கறீங்க, அங்க யாருக்கு என்ன?

அக்காளுக்கா? மாருலயா? கேன்சரா? ஆபரேசன் ஆயிருச்சா? அடக் கடவுளே. விசனப்படாதீங்க தம்பி. உங்களுக்குச் சொல்லோணும்னுதான் ஆண்டவன் என்னைய இந்தச் சீட்டுல கொண்டாந்து உக்கார வெச்சிருக்கறான். என்ற சம்சாரத்துக்கும் அதே சீக்குத்தான். அதா நிக்கறா பாருங்க, பச்சைச் சீலை. முடி இப்பத்தான் மொளைச்சு வருது, குருவிக்குஞ்சாட்டம். அவதான். தெய்வாத்தா. என்ற பேரு நாச்சிமுத்து. கிணத்துக்கடவுக்குப் பக்கத்துல தென்னந்தோப்பு.

எந்தக் கையில கம்பியப் புடிச்சிருக்கறா பாத்தீங்களா? வலது கையி. ஆபரேசன் பண்ணுன பக்கத்துக் கையி! உக்காரடின்னா உக்கார மாட்டேங்கறா. கண்டக்டரு என்ற துண்டைப் பாத்துட்டு ஒருத்தரை எழுப்பி உட்டு இந்த எடத்தைக் குடுத்தாரு. நீ உக்காரு தெய்வாத்தான்னேன். அதுக்கு அவ, "சீக்காளி நீங்கதானுங்க மாமா, நீங்க உக்காருங்க"ங்கறா. பஸ்ஸே சிரிக்குது. நடு ரோட்டுல மானம் போனதுக்கு அப்பறம் நின்னா என்ன, உக்காந்தா என்ன? உக்காந்துட்டேன்.

நல்லது பண்றவனுக்கு இந்தக் காலத்துல மருவாதி இல்லீங்க தம்பி. நீங்களே கேட்டுட்டு ஒரு ஞாயம் சொல்லுங்க.

கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியிலதான் ஆபரேசன். டாக்டரு நெம்ப நல்ல மனுசன். ஊட்டுக்கு அனுப்பறப்ப என்னையத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாரு. "இந்தக் கையில ஊசி போடக் கூடாது. பிரசர் பாக்கக் கூடாது. காயம் படக் கூடாது. கனமா ஒண்ணும் தூக்கக் கூடாது." கூடாது கூடாதுன்னு இத்தனை சொன்னா, புத்தியுள்ளவனுக்கு என்னங்க தம்பி தெரியோணும்? அந்தக் கையே கூடாது! அவரு சொல்லாம உட்டதையும் சேத்திப் புரிஞ்சுக்கறதுதானே கெட்டிக்காரத்தனம்.

அதுக்கப்பறம் ஒரு பொண்ணு வந்துச்சு. ரெஜினான்னு பேரு. பிசியோதெரபியாம். என்ற மக வயசுகூட இருக்காது. "ஐயா, அம்மா நாளைல இருந்தே கைய அசைக்கணும். சுவத்துல விரல வெச்சு, எறும்பு ஏறுற மாதிரி மேல மேல ஏத்தணும். சும்மா வெச்சிருந்தா தோள் இறுகிடும்"னு சொல்லுச்சு. சரிங்க அம்மணின்னேன். உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். டாக்டரு கூடாதுங்கறாரு, இந்தப் பொண்ணு ஆட்டுங்குது. யாரு பேச்சைக் கேக்கறது? பெரியவங்க பேச்சைத்தானே.

ஊட்டுக்கு வந்த அன்னைக்கே ஒரு தேங்காப்பூத் துண்டை எடுத்து, அவ கைய நெஞ்சோட அணைச்சு, கழுத்துல முடிஞ்சு கட்டிட்டேன். இந்தத் துண்டேதானுங்க. "எதுக்குங்க மாமா, கை முறிஞ்சவளாட்டம்?"ன்னா. முறியாம இருக்கறதுக்குத்தான் கட்டறேன்னேன். சோறு நாந்தான் ஊட்டுனேன். ஒரு சொம்புத் தண்ணி தூக்க உட்டிருப்பேனா? ஒரு கதவு தெறக்க உட்டிருப்பேனா? கேளுங்க, அவளையே கேளுங்க. கட்டிலை உட்டு எறங்குனா சத்தம் போடுவேன். எந்தப் புருசன் பண்ணுவான்?

ஒரு நாளு அழுதுட்டே கேட்டா, எத்தனை நாளைக்குத்தான் படுத்தே கெடக்கறதுன்னு. நாஞ் சொன்னேன், "ஏன், ஆனைமலையில மாசாணி ஆத்தா படுத்துட்டேதானே ஊரையே காப்பாத்தறா? நீ படுத்துட்டு உன்னைய மட்டும் காப்பாத்திக்க, போதும்." நல்லாச் சொன்னேனுங்களா? அதுக்கு அவ, "ஆத்தா படுத்திருக்கறா, செரி. ஆத்தா வாயில யாரும் மணிக்கொருக்கா சாத்துக்குடிச் சாறு ஊத்தறதில்லையே"ங்கறா. குசும்பு! சீக்குல கூடக் குசும்பு போகல.

ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. நம்ம பக்கத்துல தெரியுமுங்களே, சீக்காளி வாசல்ல உக்காந்திருந்தா வந்தவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிரும். என்னடா நல்லாத்தானே இருக்கறா, இதுக்கா வேன் புடிச்சு வந்தோம்னு ஆயிருமில்ல? படுத்திருக்கோணும். மொகம் வாடியிருக்கோணும். நாம தலமாட்டுல நிக்கோணும். "நாச்சிமுத்து, உன்னையாட்டம் ஒரு புருசன் கெடைக்க அவ குடுத்து வெச்சிருக்கோணும்"னு சூலூருல இருக்கற எங்கக்கா வள்ளியாத்தா சொல்லிச் சொல்லி அழுதுச்சு. நானும் அழுதேன். தெய்வாத்தா மட்டும் கூரையப் பாத்துட்டுப் படுத்திருந்தா.

ஒரு நாளு தோப்புல இருந்து வர்றேன், கட்டில் காலி. பதறியடிச்சுட்டுத் தேடுனா, மாட்டுச்சாளைச் சுவத்தோரம் நின்னுட்டு, துண்டை அவுத்துத் தீவனத் தொட்டி மேல போட்டுட்டு, விரலால சுவத்துல ஏறீட்டு இருக்கறா! "தையல் உட்டுப் போச்சுன்னா நானு என்னடி பண்ணுவேன்?"னு கத்தி, இழுத்துட்டு வந்து, திரும்பக் கட்டி, முடிச்சை முதுகுப் பக்கம் போட்டுட்டேன். எட்டாதில்ல? அதுக்கப்பறம் அவ அவுக்கல. சொன்ன பேச்சைக் கேக்கறவதாங்க அப்பவெல்லாம்.

அந்தப் பொண்ணு பேச்சையும் நானு முழுசாத் தட்டலீங்க. கையத் தூக்கோணும், அவ்வளவுதானே? காலையில துண்டை அவுத்து நானே அவ கையப் புடிச்சுத் தூக்குவேன். அவ வலிக்குதும்பா. உட்டுருவேன். மறுக்கா அடுத்த நாளு தூக்குவேன், வலிக்குதும்பா, உட்டுருவேன். ஒரு நாளும் தவறுனதில்ல.

நடுவுல மருந்து ஏத்துனாங்க. முடி கொட்டிப் போச்சு, சோறு எறங்கல, ஆளு பாதியாயிட்டா. தம்பி, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது? எனக்குப் பயமுங்க. அவ போயிட்டா நானு என்ன பண்ணுவேன்னு பயம். அசையாம வெச்சிருந்தா உசுரு எங்கயும் போகாதுன்னு எனக்கு ஒரு நெனப்பு. அதைப் போயித் தப்புங்கறாங்க.

மருந்து முடிஞ்சு, கரண்ட் வெக்கோணும்னாங்க, ரேடியேசனாம். உங்க அக்காளுக்கும் வெப்பாங்க. பெரிய மிசினு. அதுல படுத்துட்டுக் கையத் தலைக்கு மேல தூக்கி வெக்கோணும். கோயில்ல தீவாராதனை காட்டறப்ப, பின்னால நிக்கறவங்க தலைக்கு மேல கைய வெச்சுக் கும்புடுவாங்கல்ல, அப்படி. அசையாம வெச்சிருக்கோணும். தெய்வாத்தாளைப் படுக்க வெச்சுக் கையத் தூக்கச் சொன்னாங்க. தோளுக்குக் கூட வரலீங்க. அங்க இருந்தவங்க துளி தூக்கிப் பாத்தாங்க. அவ போட்ட சத்தத்துல வெளிய நின்னுட்டு இருந்த நானு காதைப் பொத்திக்கிட்டேன்.

கரண்ட் வெக்கற டாக்டரு என்னையக் கூப்புட்டாரு. "கை மேல போனாத்தான் கரண்ட் குடுக்க முடியும். ரொம்பத் தள்ளிப் போடவும் முடியாது. தள்ளிப் போட்டா நோய் திரும்பி வரலாம். பிசியோதெரபிக்குப் போங்க"ன்னாரு. நானு உடல. "கைய கீழ வெச்சே குடுங்க சார். எங்க தோட்டத்து மோட்டாருக்கு லைன் எத்தனை வளைவு வளைஞ்சு வருது, கரண்ட் வராமயா இருக்குது?"ன்னு கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. பதில் இருந்தாத்தானே சொல்லுவாரு!

ஆனா அன்னைக்கு வர்றப்ப தெய்வாத்தா பஸ்ஸுல அந்தக் கையவே பாத்துட்டு வந்தா. சீக்குத் திரும்பி வரலாம்னு அவளும் கேட்டுட்டா.

அப்பறமென்ன, மறுக்கா அந்த ரெஜினாப் பொண்ணுகிட்டப் போயி நின்னோம். அது கையத் தொட்டுப் பாத்துச்சு. "கைய யாரு கட்டி வெச்சது?" நாந்தானுங்கன்னேன், நெஞ்சை நிமித்தி. "பயிற்சி பண்ணச் சொன்னேனே, பண்ணலயா?" தெனமும் நாந்தான் தூக்கி உட்டேன்னேன். "நீங்க தூக்குனா உங்க தோளுக்குத்தான் நல்லதுய்யா. அம்மா தானாத் தூக்கணும்"னுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. இத்தனை விவரம் இருக்குதுன்னா மொத நாளே கண்டிசனாச் சொல்லியிருக்கோணுமா இல்லீங்களா? சொல்லுச்சுதான். இருந்தாலும் நம்பற மாதிரி சொல்லியிருக்கோணுமில்ல?

அந்த ரூமுக்குள்ள பாத்தீங்கன்னா, மேல கப்பி மாட்டிக் கயிறு தொங்குது. கெணத்துல தண்ணி சேந்துவமே, அதே கப்பி. கயித்துல ரெண்டு பக்கமும் புடி. நல்ல கையால கீழ இழுத்தா நோவுக் கை மேல போகும். நாலஞ்சு பொம்பளைங்க வரிசையா உக்காந்து இழுத்துட்டு இருக்கறாங்க. ஒருத்தி அழுவறா, ஒருத்தி பல்லைக் கடிக்கறா, அவங்களுக்குள்ளயே சிரிப்பு வேற. தெய்வாத்தா கயித்தைப் புடிச்சா. மொத இழுப்புலயே "ஆத்தா"ன்னா. நானு வெளிய போயி டீக்கடையில நின்னுக்கிட்டேன். அதெல்லாம் பாக்கற மனசு எனக்கில்லீங்க.

ஊட்டுலயும் வேப்பமரத்துல பழைய கெணத்துக் கப்பிய மாட்டச் சொல்லி, அதே மாதிரி கயிறு கட்டிக்கிட்டா. காலையில ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. முந்தாணையப் பல்லுல கடிச்சுக்கிட்டு இழுப்பா. "ஆத்தா, இன்னுங் கொஞ்சம். ஆத்தா, இன்னுங் கொஞ்சம்." கண்ணுல தண்ணி ஊத்தும், உட மாட்டா. அவ கயித்தைத் தொட்டான்னா நானு மட்டை பொறுக்கறேன்னு தோப்புக்குப் போயிருவேன். தோப்பு அத்தனை சுத்தமா என்னைக்குமே இருந்ததில்லீங்க.

வலிகூடப் பெருசில்ல தம்பி. பேரு போச்சே, அதைச் சொல்லுங்க! ஒரு நாளு சொல்லாமக் கொள்ளாம வள்ளியாத்தா அக்கா வேன்ல ஆளுங்களோட வந்து எறங்குச்சு. மொட்டைத் தலையோட இவ மரத்தடியில கயிறு இழுத்துட்டு இருக்கறா. அக்கா ஆப்பிள் பையக் கீழ போட்டுட்டு மாருல அடிச்சுக்குச்சு. "டேய் நாச்சிமுத்து, சீக்காளியத் தண்ணி சேந்த உட்டிருக்கறயேடா, நீயெல்லாம் மனுசனா?" தண்ணி இல்லக்கா, வெறுங்கயிறுக்கான்னேன். யாரு கேக்கறா? சூலூரு, பல்லடம், தாராபுரம் வரைக்கும் போயிருச்சு, நாச்சிமுத்து பொண்டாட்டிய வேலை வாங்கறான்னு. சொம்புத் தண்ணி தூக்க உடாத என்னையப் பாத்து!

அதனாலதான், அக்கா சம்பந்தி ஊட்டுக்காரங்க வர்றாங்கன்னு போன் வந்ததும், கயித்தைக் கழட்டி அட்டாலிப் பரணு மேல போட்டுட்டேன். "தெய்வாத்தா, அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் சித்த நேரம் படுத்துக்க. கைய ரவை நேரம் கட்டிக்கலாம். எனக்காக"ன்னேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

அவ சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவலீங்க. மெதுவாச் சொன்னா. "மாமா, நானு சாகறதுக்குப் படுக்கோணும்னா சொல்லுங்க, இப்பவே படுத்துக்கறேன். பொழைக்கறதுக்குன்னா அந்தக் கயித்தைக் கொண்டாங்க."

அந்தப் பேச்சுக்கு மேல நானு என்னங்க பண்ணட்டும்? ஸ்டூலைப் போட்டு ஏறுனேன். நேரங் கெட்டா ஒட்டகத்து மேல இருந்தாலும் நாய் கடிக்கும்பாங்க. கயிறு கையில வந்துச்சு, ஸ்டூலு காலை உட்டுப் போச்சு. வாசல்ல வேன் வந்து நிக்குது, நானு தோளு அடிபட்டுத் தரையில கெடக்கறேன், கையில கயிறு. அன்னைக்கு வந்த ஆப்பிளெல்லாம் எனக்குத்தானுங்க குடுத்துட்டுப் போனாங்க.

எலும்பு முறியல, தசை பிசகியிருக்குது, சும்மா வெக்காதீங்க, அசைச்சுட்டே இருங்கன்னு நம்மூரு டாக்டரு சொன்னாரு. அவரு சின்ன வயசு. அவருக்கென்ன தெரியும்? தெய்வாத்தா அவுத்துப் போட்ட துண்டு சும்மாதானே கெடந்துச்சு, எடுத்து நானே கட்டிக்கிட்டேன். தோளு பூட்டிக்கிச்சு. சர்க்கரை வேற இருக்குதா, நல்லாவே பூட்டிக்கிச்சு. இப்பச் சட்டை மாட்ட முடியல, சீப்பு எடுக்க முடியல.

ஆங்? தெய்வாத்தாளுக்கா? அதைச் சொல்லாம உட்டுட்டேனா? போச்சுங்க, கை மேல போச்சு! கயித்தை இழுத்து இழுத்து, தோளு வரைக்கும் வந்துச்சு, காது வரைக்கும் வந்துச்சு, ஒரு நாளு தலைக்கு மேலயே போயிருச்சு. அன்னைக்கு மிசினு ரூமுக்குள்ள போனவ வெளிய வர்ற வரைக்கும் நானு நகத்தைக் கடிச்சுத் துப்பீட்டு நின்னேன். கதவு தெறந்துச்சு. வந்தா. "வெச்சுட்டாங்க மாமா. அசையாமப் படுத்திருந்தேன். இப்பப் படுக்கச் சொன்னது ஞாயம்"னு சிரிச்சா. நானு தேம்பித் தேம்பி அழுதேனுங்க, அத்தனை கூட்டத்துல. எல்லாக் கரண்டும் வெச்சு முடிச்சாச்சு. டாக்டரு பாத்துட்டு இப்போதைக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கறாரு. மாசாணி ஆத்தாளுக்குச் சீலை எடுத்து வெச்சிருக்கறேன்.

இதுல என்ற கதி என்னாச்சுன்னா, குதிரை கீழ தள்ளுனதுமில்லாம குழியும் பறிச்ச கதை. என்னைய இழுத்துட்டுப் போயி அதே ரெஜினாப் பொண்ணுகிட்ட உட்டுட்டா. இன்னைக்கும் அங்க போயிட்டுத்தான் வர்றோம். அந்தப் பொண்ணு, "ஐயாவுக்கு நான் எதுக்கு? வீட்லயே அம்மா இருக்காங்களே"ன்னு சிரிக்குது. ஊட்டுல காலையில என்னைய மாட்டுச்சாளைச் சுவத்துல எறும்பு ஏற உடறா. வேப்பமரத்துக் கயித்துல இப்ப நானு. ஒறம்பரை வந்து பாத்துட்டுச் சிரிக்குது. சித்த படுக்கறேன்டின்னா, பாயைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கறா. நானு அவளைத் தாங்குன தாங்கலுக்கு இதுதானுங்களா?

அதனால நாஞ் சொல்றதைக் கேளுங்க தம்பி. அக்காளைப் படுக்க வெய்யுங்க. சீக்காளின்னா படுக்கோணும். கையக் காலை ஆட்ட உடாதீங்க. நல்ல துண்டாப் பாத்து... வர்றா, வர்றா. பேச்சை மாத்துங்க. தேங்காய் வெலை என்னங்க உங்க பக்கம்?

"தம்பி, இவரு பேச்சைக் கேட்டுப் போட்டு உங்க அக்காளைக் கட்டி வெச்சுராதீங்க. எந்திரிங்க மாமா. கிணத்துக்கடவு வருது."

பாத்தீங்களா, முழுசையும் கேட்டுட்டேதான் நின்னிருக்கறா. இரு, எந்திரிக்கறேன். பஸ்ஸு ஆடுதல்ல? இந்த ஒத்தைக் கைல சீட்டைப் புடிச்சு... அடி, என்னடி பண்றே? துண்டை எதுக்குடி அவுக்கறே? தம்பி, பாருங்க தம்பி! நடு பஸ்ஸுல!

"கம்பியப் புடிங்க. அந்தக் கையில."

எட்டாதுடி.

"எட்டும். காலையில சுவத்துல அதுக்கும் மேல போனீங்க. தூக்குங்க."

வலிக்குது தெய்வாத்தா. உடு. ஊட்டுக்குப் போயிப் பண்றேன். நானு அப்படியே தோப்பு வரைக்கும் போயிட்டு...

"எனக்கு வலிச்சப்ப நீங்க தோப்புக்கு ஓடிப்போயிட்டீங்க மாமா. ஒரு நாளாச்சும் பக்கத்துல நின்னீங்களா? உங்களுக்கு வலிக்குது, நானு இங்கதான் நிக்கறேன். தூக்குங்க. இன்னுங் கொஞ்சம். இன்னுங் கொஞ்சம்."

...

புடிச்சுட்டேனுங்க. தம்பி, கம்பியப் புடிச்சுட்டேன். அவ கைக்குப் பக்கத்துலயே. அதே கையிதானுங்க அவளுது, ஆபரேசன் பண்ணுன பக்கம். இப்ப அதையே என்ற கை மேல வெச்சு, எறங்கிராம அமுக்கிப் புடிச்சிருக்கறா, என்ன பலங்கறீங்க!

தம்பி, அந்தத் துண்டு உங்க மடியில உழுந்திருச்சு பாருங்க, அதை எடுங்க சித்த. கட்டறதுக்கில்லீங்க. கண்ணைத் தொடைக்கறதுக்கு.